தொகுத்தவர்

"நானே செய்தது" என்று எதைப் பற்றிச் சொல்லலாம்? சில மாதங்களாக ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். ஆல்டர் மர உடல் ஒரு கடையில், மேப்பிள் கழுத்து இன்னொரு கடையில், பிக்கப், பிரிட்ஜ், டியூனர் எல்லாம் தனித்தனிப் பொட்டலமாகத் தபாலில். எந்தத் துண்டையும் நான் செதுக்கவில்லை. "மச்சான், இத நீ செய்யல. பூட்டுன, அவ்வளவுதான்" என்றான் நண்பன். கிண்டல்தான். ஆனால் செய்வதற்கும் பூட்டுவதற்கும் நடுவே அவன் போட்ட கோடு சரிதானா?

இந்தக் கேள்வி எழவே காரணம் லியோ ஃபெண்டர். ரேடியோ பழுதுபார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கழுத்தை உடலோடு பசைபோட்டு ஒட்டுவதே அன்றைய வழக்கம். 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரிலோ கழுத்தைப் பிடித்திருந்தவை நான்கு திருகாணிகள். கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம். கழற்ற முடிந்தால், வேறு இடத்தில் செய்ததையும் பூட்டலாம். 1970களில் எடி வான் ஹேலன் அப்படித்தான் மலிவான ஓர் உடலையும், தனியாக வாங்கிய கழுத்தையும், கிப்சன் கிட்டார் ஒன்றிலிருந்து எடுத்த பிக்கப்பையும் சேர்த்தார். 'ஃபிராங்கன்ஸ்ட்ராட்' என்று பெயர்பெற்ற அந்தக் கிட்டாரை 2007இல் ஃபெண்டர் நிறுவனமே அச்சு அசலாக நகலெடுத்தது. மொத்தம் 300; ஒன்றின் விலை 25,000 டாலர். பூட்டியவரைப் பார்த்துத் தயாரிப்பாளர் காப்பியடித்த கதை.

பூட்டுவது என்றால் என்னவென்று கை வைத்தால்தான் தெரியும். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் 25.5 அங்குலம். அதன் சரிபாதியில் பன்னிரண்டாவது ஃபிரெட். அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டும். ஆனால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபடுகிறது, சுரம் ஏறிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட, பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் ஆறு சேடில்களையும் ஒவ்வொன்றாக, மில்லிமீட்டர் கணக்கில் பின்னுக்கு நகர்த்த வேண்டும். கழுத்தின் சாய்வு ஒத்துவராவிட்டால், அது உட்காரும் பள்ளத்தில் மெல்லிய தகடு ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். கழுத்தைச் செய்தவருக்கு என் பிரிட்ஜ் தெரியாது. பிரிட்ஜைச் செய்தவருக்கு என் கழுத்து தெரியாது. அவரவர் பாகத்துக்கு அவரவர் பொறுப்பு. பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே இருப்பதற்கு யார் பொறுப்பு? பூட்டியவர்தான். அபஸ்வரம் வந்தால் அவரைத்தான் கேட்க முடியும்.

தமிழ் மரபு இந்த வேறுபாட்டை ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறது. குறுந்தொகையைப் பாடியவர்கள் இருநூறுக்கும் மேல், தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றில் பாடிய ஐவர் தனி, தொகுத்த கூடலூர் கிழார் தனி, தொகுப்பித்த சேர மன்னன் தனி. பூரிக்கோவைக் குறுந்தொகையின் ஆசிரியர் என்று யாரும் சொல்லவில்லை. அவர் பெயரை விட்டுவிடவும் இல்லை.

இப்போது என் கிட்டாரின் ஹெட்ஸ்டாக் வெறுமையாக இருக்கிறது. பெரிய பிராண்டின் லோகோ ஸ்டிக்கரைச் சில ரிங்கிட்டுக்கு வாங்கி ஒட்டலாம். "நீ விக்கவா போற? யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விற்காவிட்டாலும் ஒரு நாள் அது கை மாறும், அடுத்தவர் அந்த லோகோவை நம்புவார் என்பது ஒரு பதில். எனக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. நான் செய்த இணைப்புகளுக்கு, அவற்றைப் பார்த்தே இராத ஒருவரை அந்த ஸ்டிக்கர் பொறுப்பாளியாக்குகிறது. சரி, என் பெயரையே பெரிதாகப் போடலாமா? அப்போது மரத்தைச் செதுக்கியவர்கள் மறைந்துபோகிறார்கள்.

1950களில் ஃபெண்டர் தொழிற்சாலையில் கழுத்துகளுக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் டடேயோ கோமஸ். கழுத்தின் அடியில், உடலோடு பொருந்தும் இடத்தில், பென்சிலால் தன் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதிவைப்பார். திருகாணியைக் கழற்றினால்தான் தெரியும். "இதற்கு நான் பதில் சொல்வேன்" என்ற கையெழுத்தாகவே எனக்கு அது படுகிறது. அதே இடத்தில் நானும் பென்சிலால் எழுதினேன்: உடல், கழுத்து, பிக்கப் எங்கிருந்து வந்தன, கடைசி வரியில், 'தொகுத்தவர்' என்று என் பெயர்.

பினாங்கில் வேலை பார்க்கும் எனக்கு இது கிட்டாரோடு முடிகிற விஷயம் இல்லை. 1970களிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் உலகத்துக்கான சிப்புகளைப் பொருத்தியும் சோதித்தும் அனுப்பியிருக்கிறோம். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை இணைத்த பெண்களில் நம் அம்மாக்களும் அக்காக்களும் உண்டு. "அசெம்பிளி வேலதானே" என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவிடுகிறோம். எந்தச் சிப்பை உடைத்துப் பார்த்தாலும் உள்ளே ஒரு பென்சில் எழுத்து கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் அந்த இணைப்பு விட்டுப்போகாமல் இத்தனை வருஷம் நின்றதற்கு யாரோ ஒருவர் பொறுப்பு. பூட்டினார், அவ்வளவுதான் என்று அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.