பாறை முகடும் பற்றறுத்தலும்

செங்குத்தான பாறைகளின் மேல் வழிபாட்டிடம் அமைப்பது பல சமயங்களுக்கும் பொதுவான வழக்கம். கிரேக்க நாட்டின் மெத்தியோராவில் 14ஆம் நூற்றாண்டு முதல் பாறைத்தூண்களின் உச்சியில் மடங்கள் எழுந்தன, பூடானின் தக்சாங் மடம் 1692இல் மலைச்சரிவையொட்டிக் கட்டப்பட்டது. விண்ணுலகை நெருங்கவே மனிதர் உயரத்தை நாடினர் என்பது வழக்கமான விளக்கம். உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்காத சமணர் பாறையை நாடியதற்கு அவ்விளக்கம் பொருந்தாது.

சமணக் கோட்பாட்டின்படி வினை என்பது உயிரோடு ஒட்டி அதைக் கீழிழுக்கும் நுண்பொருள்; அது முழுதும் உதிர்ந்ததும் உயிர் தானாகவே மேலெழுந்து, விடுதலை பெற்ற உயிர்கள் உறையும் உலகின் உச்சியை அடைகிறது. எனவே வீடுபேறு மலையேறிப் பெறுவதன்று, சுமை இறக்கிப் பெறுவது. தனக்கென வீடு கட்டவோ கட்டுவிக்கவோ கூடாத துறவிக்கு, எதையும் உடைமையாகக் கொள்ளாமையாகிய அபரிக்கிரக நோன்பு, இயற்கையான குகைத்தளத்தையே தகுந்த உறைவிடமாக்கியது.

குமரி மாவட்டச் சிதறாலில், திருச்சாரணத்துமலை எனப்பட்ட குன்றின் தொங்குபாறையடியில் சமண நெறி காட்டிய அருகர்களாகிய தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி அங்குள்ள பட்டாரியர் என்னும் பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. கொச்சிக்கு அருகே பெரும்பாவூர்ப் பகுதியிலுள்ள கல்லில் கோயிலும், சிதறாலைப் போலவே, சமணத் தலமாக இருந்து பின்னர் பகவதி கோயிலானது. பெரும்பாறையின் அடியில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது.

ஆயினும் துறவியின் பாறை ஊரிலிருந்து முற்றிலும் விலகியதன்று. மதுரை அருகே மாங்குளத்துக் குகைக்குக் கொடையளித்தவர்களில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வெள்ளறை ஊரின் வணிகக் குழுவினர், இருந்ததைத் தமிழ் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டு காட்டுகிறது; உடைமையைத் துறந்தவருக்கு உடைமையுள்ளவரே இடமளித்தனர். கொச்சியின் மட்டாஞ்சேரியில், குன்றே இல்லாத கடலோரச் சமதளத்தில், குஜராத்திச் சமண வணிகச் சமூகம் 1904இல் எழுப்பிய தர்மநாதர் கோயில் அதே உறவின் தொடர்ச்சியாகும். அங்கு நாள்தோறும் புறாக்களுக்குத் தானியம் இடும் வழக்கம் உயிர்களிடத்து அருளுடைமையை இல்லறத்தாரின் கடமையாக்குகிறது. முழுத்துறவு கைகூடாத அவர்களுக்கு அணுவிரதம் என்னும் சிறுநோன்பு, தம் செல்வத்துக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுமாறு விதிக்கிறது.

இவற்றை ஒருங்கே நோக்கினால், பாறைக்குகையும் கடைவீதிக் கோயிலும் ஒரே நெறியின் இரு படிகள் என்பது புலனாகும். இடத்தின் உயரம் ஒருவரை உயர்த்துவதில்லை, அவர் விட்டொழித்ததன் அளவே உயர்த்துகிறது.