வாயில்லா உயிரும் மனிதனின் மானமும்

கிள்ளான் நகரின் தாமான் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தலைவர் தோட்டத்து லயத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த பெரியவர். வாசலில் ஒன்பது வயதுக் காவல் நாய். ஒருநாள் காலை, அது படுத்திருந்த சிமெண்டுத் தரையில் இரத்தத் துளிகள். மலங்கழிக்க முடியாமலும் அது தவிக்கிறது. இரத்தம் வரும் இடத்தைக் கண்ட பெரியவர் கூச்சத்தோடு தரையைக் கழுவிவிடுகிறார், பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பின் கால்நடை மருத்துவர் சோதித்து, விதைகளை அகற்றுவதே ஏற்ற தீர்வு என்கிறார். ஆண் உயிரின் ஆண்மையைப் பறிப்பது பாவம் என்று பெரியவர் நாயுடன் திரும்பிவிடுகிறார். அவர் செய்தது அன்பா, கொடுமையா?

நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். சிறுநீர்ப் பையின் கழுத்தருகே, மலக்குடலுக்குக் கீழே அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. விதைகளிலிருந்து ஊறும் ஆண் இயக்குநீரின் தூண்டலால், வயதான நாய்களில் இது பெருக்கிறது. பெருத்த சுரப்பி மலக்குடலை அழுத்துகிறது, இரத்தமும் கசிகிறது. கிருமித் தொற்றும் புற்றும்கூட இவ்வாறு தோன்றலாம். ஆதலின் சோதனை இன்றியமையாதது. விதைகளை அகற்றினால் சில வாரங்களிலேயே சுரப்பி சுருங்கிவிடும். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைகளும் உண்டு. நிறுத்தினால் நோய் மீளும்.

பெரியவரின் மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. இசைவு சொல்ல வாயற்ற உயிரின் உறுப்பை அகற்ற மனிதனுக்கு உரிமை ஏது? முதிய நாய்க்கு மயக்க மருந்தாலும் இடருண்டு. இவை நேர்மையான கேள்விகளே. ஆயினும், செய்யாது விடுவதும் ஒரு செயலே. அறுவையை மறுத்தவர் நாயின் உடல்மீது தீர்ப்பு எழுதாமல் இருந்துவிடவில்லை. வலி தொடரட்டும் என்ற தீர்ப்பை எழுதிவிட்டார். உறுப்பைக் காப்பதே நோக்கமாயின் மாத்திரையை நாடியிருப்பார். அதையும் கேளாமல் திரும்பியதால், அவர் காத்தது நாயின் நலத்தை அன்று என்பது தெளிவாகிறது.

ஆண்மை என்னும் பெருமை மனிதன் மொழியால் படைத்துக்கொண்டது. நாய்க்கு அந்தச் சொல் தெரியாது, வலி தெரியும். தன் மானத்தை அதன் உடலில் ஏற்றிவைத்து, அதற்குரிய விலையை மட்டும் அதனைக் கொடுக்கச் செய்வது அறமாகாது. தொல்காப்பியர் விலங்குக்கு ஐந்தறிவும் மனிதனுக்கு ஆறறிவும் வகுத்தார். அந்த ஆறாம் அறிவைப் பட்டமாகச் சூடிக்கொள்வோர் பலர்; ஐந்தறிவு உயிருக்காகவும் சிந்திக்க வேண்டிய சுமையாக ஏற்போர் சிலரே.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் விலங்கைக் காக்கும் கடமையை உரிமையாளர்மீது சுமத்துகிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சென்றுவரத்தக்க தொலைவில், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சட்டமும் மருந்தும் அருகிருந்தும், கூச்சம் வழிமறித்து நிற்கிறது.

அந்தக் கூச்சம் நாயோடு முடிவதில்லை. முதுமையில் இந்தச் சுரப்பி இயல்பாகவே பெருத்து வருந்தும் உயிர்களுள் நாயும் மனிதனும் முதன்மையானவர்கள். நாயின் இரத்தத்தைக் கழுவி மறைத்த அதே பெரியவர், இரவில் நான்குமுறை எழுந்து சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டும் மனைவியிடம் சொல்லாமல் இருக்கக்கூடும். நாயின் நோயைப் பெயர் சொல்லிப் பேசத் துணியாத வீட்டில், தந்தையின் நோயும் காலந்தாழ்ந்தே வெளிப்படும்.

ஆகவே, மருத்துவர் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இம்முடிவால் வலி குறைவது யாருக்கு? அதற்கு நேர்மையாக விடை கூறுபவர் அறுவையையோ மாத்திரையையோ தேர்ந்துகொள்ளலாம். இரண்டுமின்றி வாசலைக் கழுவிவிடுவது மட்டும் விடையாகாது.