பிள்ளைகளும் கைத்தொலைபேசியும்: ஒரே தராசு வேண்டும்

பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கு எல்லை வகுக்கப் பெற்றோருக்கு உரிமையுண்டா என்று கேட்டால், இதுவும் ஒரு கேள்வியா என்பார்கள் நம் வியாபாரச் சகோதரர்கள். உரிமை உண்டு, ஐயமில்லை. அந்த எல்லையை எந்தத் தராசில் நிறுத்து வகுப்பது என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

நம் நாட்டில் 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி தொடங்கியது. அது கூடத்தின் நடுவே நின்றது. வீட்டார் கூடியிருந்து பார்த்தனர். இரவில் ஒளிபரப்பு முடிந்தால் பார்க்க ஒன்றுமில்லை. கைத்தொலைபேசி அப்படியன்று. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானே வந்து நிற்கிறது. அடைக்கும் நேரமே இல்லாத கடை அது. பெரியவர்களே அக்கடையைவிட்டு எழுந்துவரத் தடுமாறும்போது, எட்டு வயதுப் பிள்ளையை மட்டும் நொந்து என்ன பயன்?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பலருக்குப் பாடமே கைத்தொலைபேசி வழியாகத்தான் வந்தது. வாங்கிக் கொடுக்காமலிருக்க வழியில்லை. பிறகு பள்ளிகள் திறந்தன. கருவி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. நம் தொழிலுக்கேயுரிய காரணமும் ஒன்றுண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கடை நடத்துவோர் பலர் காலையில் போனால் இரவில்தான் வீடு திரும்புகின்றனர். உடன் வரும் பிள்ளை கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்கிறது. அது அழக்கூடாது, வாடிக்கையாளரையும் கவனிக்க வேண்டும். ஆகவே கைத்தொலைபேசி கொடுக்கப்படுகிறது. தகப்பனார் கொடுக்க இயலாத நேரத்தை அந்தக் கருவி கொடுக்கிறது.

சட்டம் துணை செய்யாதா எனலாம். 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. நம் அரசாங்கமும் அவ்வழியே செல்லப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. இரண்டு முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாமென உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. இவை நல்லவையே. ஆயினும் சட்டம் கணக்கைத் தடுக்கும். கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசாது.

வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு, கொடுக்கும்போது குறைப்போரை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறதென்பதை வியாபாரிகள் நன்கறிவர். அது அரிசிக்கும் துணிக்கும் மட்டுந்தானா? பிள்ளையிடமிருந்து திரையின் ஒரு மணி நேரத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நம் நேரத்தில் ஐந்து நிமிடமும் கொடாதிருந்தால், அது எந்த அளவையில் சேரும்?

"எங்கள் கைத்தொலைபேசி தொழிலுக்கானது, சரக்குக்குச் சொல்வதும் பணம் அனுப்புவதும் அதில்தானே" என்பர் சிலர். மெய்தான். ஆனால் சரக்குக்காரரின் செய்தியையும் வேடிக்கைப் படத்தையும் தூரத்திலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு வேற்றுமை தெரியாது. ஆகவே, "இந்தப் பதிலை அனுப்பிவிட்டு வைத்துவிடுகிறேன்" என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும். சொன்னபடி வைக்கவும் வேண்டும்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நம் ஊரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கிறது. தினந்தோறும் இயலாவிட்டாலும், கடையிலுள்ள பங்காளிகளும் சகோதரர்களும் முறை வைத்துக்கொண்டால் வாரத்தில் இரண்டு நாளாவது அந்நேரத்தில் வீட்டிலிருக்கலாம். அப்போது எல்லோருடைய கைத்தொலைபேசியும் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். தகப்பனாருடையது முதலில் வைக்கப்படட்டும். படுக்கையறைக்குள் எவருடையதும் போகவேண்டாம். இவ்விதிகளைக் கோபம் வந்த வேளையில் அல்லாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வளர்ந்த பிள்ளையாயின் அதன் கருத்தையும் கேட்பது நலம்.

இதனால் ஓரிரு மேசை வியாபாரம் குறையக்கூடும். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர்கள், பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குமுன் ஒருமுறை சிந்திக்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.