வாசலில் கிடக்கும் நோய்

ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையில் இன்று மருத்துவக் கல்லூரி இயங்கும் வளாகத்தைச் சுற்றுவட்டார முதியோர் இன்றும் 'சானடோரியம்' என்றே அழைக்கின்றனர். காசநோயாளர்க்கென எழுந்த இடம் அது. 2020 மார்ச்சில், ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்து நாட்டவர் இருவர் கொரோனா தொற்றுடன் சிகிச்சை பெற்றதும் அங்கேதான். சில நாள்களில் நாடே கதவடைத்தது.

ஒரே வளாகம், இரு நோய்கள். ஒன்று உலகை நிறுத்தியது. மற்றதற்காக உலகம் ஒரு நாளேனும் நின்றதுண்டா?

2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கொரோனாவால் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏறத்தாழ 1.49 கோடிப் பேர் மாண்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்தது. அந்த அச்சம் பொய்யன்று. எடுத்த முயற்சி மிகையுமன்று. ஆனால், 2024ஆம் ஆண்டில் மட்டும் காசநோய்க்குப் பலியானோர் சுமார் 12 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அதாவது, நாளொன்றுக்கு மூவாயிரத்துக்கும் மேல். புதிதாய் நோயுற்றோருள் நால்வரில் ஒருவர் இந்தியர்.

இது மருந்தறியா நோயா? இல்லை. இதன் கிருமியை இராபர்ட் காக் 1882இலேயே அறிவித்தார். சானடோரியத்தில் தங்காமல், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என 1959இல் உலகுக்கு மெய்ப்பித்தது நமது சென்னையில் நடந்த ஆய்வு. இன்று பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்து போதும். ஆயினும், கொரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி கண்ட உலகம், காசநோய்க்கு 1921இல் வந்த பி.சி.ஜி. ஊசியையே இன்னும் நம்பியிருக்கிறது.

குறை அறிவில் இல்லை. கொரோனா விமானமேறி வந்தது. செல்வர் வீட்டுக் கதவையும் தட்டியது. காசநோயோ பெரும்பாலும் அரைவயிற்றுக் குடிசைகளையே நாடுகிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினர்க்குச் சத்துணவு வழங்கியபோது, அவர்களிடையே புதிதாய் நோய் காண்பது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது என 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒருபிடிச் சோறும் ஒருவகைத் தடுப்பு மருந்தே!

அப்படியாயின், அன்று நாம் அஞ்சியது மனித உயிருக்காகவா, நம் உயிருக்காகவா? இவ்வினாவை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இலாசரின் உவமையில் வரும் செல்வன் அவனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ நற்செய்தி சொல்லவில்லை. வாசலில் கிடந்தவன் அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவன் குற்றம் அதுவே.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பட்டறைகளிலும் உழைக்க வந்து, ஓரறையில் பலராய்ப் படுத்துறங்குவோர் நம் வாசலில்தான் இருக்கின்றனர். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு உடன் செல்வோம். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். நோயென்று தெரிந்தால் வேலையைப் பறிக்காதிருப்போம். அந்த ஆறு மாதமும் அவ்வீட்டு உலை கொதிக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம்.