அன்னாள் சாப்பிட்டாள்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 1:1-18



இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். சபையார் செய்த பாவம் அல்ல. போதகனாகிய நான் செய்தது.

நம் சபையில் ஒரு வாலிப சகோதரி. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அறிந்தவர்கள் அமைதியாயிருங்கள். அப்போது வயது 19. கல்லூரியில் முதல் மாணவி. ஞாயிறு பள்ளி ஆசிரியை. வேத வினாடி வினாவில் ஒரு கேள்வி தவறினாலும் இரவெல்லாம் அழுவாள். நோட்டில் ஒரு அடித்தல் விழுந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுவாள். "எங்க பிள்ளைக்கு எல்லாம் கரெக்டா இருக்கணும் பாஸ்டர்" என்று அவள் அம்மா பெருமையாய்ச் சொல்வார்கள். நானும் பெருமையாய்க் கேட்டுக்கொள்வேன்.

போன வருஷம் ஜனவரியில் 21 நாள் உபவாச ஜெபம் வைத்தோம். மற்றவர்கள் ஒருவேளை உபவாசித்தார்கள். இவள் பகல் முழுவதும் தண்ணீர் மட்டும். கடைசி நாளில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்த மகளைப் பாருங்க! இந்தக் காலத்துப் பிள்ளைங்க பிரியாணி, புரோட்டான்னு அலையுது, இவ முழங்கால்ல நிக்கிறா" என்று பிரசங்கித்தேன். சபையார் கைதட்டினார்கள். 21 நாளில் சபையின் உபவாசம் முடிந்தது. அவளுடையது முடியவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆராதனை வேளையில் அவள் விழுந்தாள். "ஆவியானவர் அசைவாடுகிறார், எல்லாரும் ஸ்தோத்திரம் பண்ணுங்க" என்று நான் மைக்கில் சொன்னேன். சேலையைச் சரிபண்ணப் போன என் மனைவி அவள் கையைத் தொட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "ஏங்க, மைக்கை வைங்க. இது அபிஷேகம் இல்ல, மயக்கம். கை ஐஸ் மாதிரி இருக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா சரியா சாப்பிடல?" இரண்டாவது, "மாதவிலக்கு நின்னு எத்தனை மாசமாச்சு?" பெற்ற தாய்க்கே பதில் தெரியவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இருதயத் துடிப்பு தடுமாறிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பிள்ளை தூக்கத்துலயே போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. நான் வராந்தாவில் நின்று நடுங்கினேன். நான் கைதட்ட வைத்தது எதற்கு? ஒரு பிள்ளையின் சாவுக்கா?

1. ஏலியின் கண் தவறியது

சீலோவிலே அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது. ஆசாரியனாகிய ஏலி அவளைப் பார்த்துக் குடிவெறி என்று தீர்த்துவிட்டான். துக்கத்தை வெறி என்று எண்ணினான். நானோ பசியை அபிஷேகம் என்று எண்ணினேன். இரண்டு பேரும் ஊழியக்காரர், இரண்டு பேர் கண்ணும் குருடு! ஆனாலும் ஏலியிடத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. அன்னாள் தன் நிலைமையைச் சொன்னவுடன் அவன் வாதாடவில்லை. தன் பேச்சை மாற்றி அவளை ஆசீர்வதித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டதற்கு அந்த வசனந்தான் காரணம்.

2. அன்னாள் ஏன் சாப்பிடவில்லை?

அவள் உபவாசம் இருக்கவில்லை. பண்டிகை நாளில், புருஷன் அன்பாய்ப் பங்கு கொடுத்தும், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெனின்னாளின் குத்தல் பேச்சு தொண்டையை அடைத்தது. எல்க்கானா நல்லவன்தான். ஆனால் "ஏன் அழுகிறாய்? நான் போதாதா?" என்கிற அர்த்தத்தில்தான் பேசினான். துக்கத்தைக் கேட்கவில்லை, துக்கத்தை நிறுத்தப் பார்த்தான்.

நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? அந்தச் சகோதரி என் மனைவியிடம் சொன்னதைக் கேளுங்கள். "பாஸ்டரம்மா, கோபம் வந்தா அதை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. வீட்ல கோபப்பட்டா 'ஊழியம் செய்ற பிள்ளை பேசுற பேச்சா இது'ங்கிறாங்க. அழுதா 'விசுவாசம் பத்தல'ங்கிறாங்க. ஒரு கல்யாண வீட்ல சித்தி எல்லார் முன்னாடியும் 'குண்டாயிட்டியே, யாரு கட்டுவா'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டே நின்னேன். சாப்பிடாம இருந்தா ஒண்ணுமே தோணாது பாஸ்டரம்மா. தராசு முள்ளு இறங்குனா மட்டும் ஜெயிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் ராத்திரி எல்லாரும் தூங்குனதும் சோத்துப் பானை முன்னால நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். அப்புறம் அழுதுக்கிட்டே வாந்தி எடுப்பேன்."

இதைக் கேட்டு, "அடக்கம் இல்லாத பிள்ளை" என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் ஆன்செல் கீஸ் என்னும் விஞ்ஞானி ஓர் ஆராய்ச்சி செய்தார். யுத்தத்துக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாத 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களில் பலர் சமாதானத்தைப் போதிக்கும் சபைகளைச் சேர்ந்த பக்தியுள்ளவர்கள். 24 வாரம் அவர்களுடைய ஆகாரம் ஏறக்குறைய பாதியாய்க் குறைக்கப்பட்டது. என்ன நடந்தது? திடகாத்திரமான அந்த ஆண்களுக்கு எந்நேரமும் சோற்று நினைவு. சமையல் புத்தகங்களை வாசித்தார்கள். எரிச்சல், சோர்வு, குளிர், தனிமை. பிறகு தாராளமாய்ச் சாப்பாடு கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. ஆம் பிரியமானவர்களே, பட்டினி கிடந்த சரீரம் இரவில் பானையைத் தேடுவது பிசாசு அல்ல. ஜீவன் பிழைக்கக் கதறுகிற கதறல்.

இது வியாதி. மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பெண்டர் 1983-ல் 32 வயதில் இதனால் இருதயம் பழுதாகி மரித்தார். இங்கிலாந்து இளவரசி டயானா, தனக்கு அதிகமாய்ச் சாப்பிட்டு வாந்தி எடுக்கும் நோய் இருந்ததை 1995-ல் தொலைக்காட்சியில் உலகமறியச் சொன்னார். அரண்மனையில் ஆகாரத்துக்கா குறைவு? குறைவு வேறிடத்தில் இருந்தது.

3. பூரணம் என்பது எது?

"நான் பூரணமாயிருக்கணும்னுதானே வேதம் சொல்லுது பாஸ்டர்?" என்று அவள் என்னிடம் கேட்டாள். மத்தேயு 5:48-ஐத்தான் சொன்னாள். வேதாகமக் கல்லூரியில் அந்த இடத்துக்குரிய கிரேக்கச் சொல்லைப் படித்தேன்: தெலெயோஸ். முதிர்ந்தது, தன் இலக்கை அடைந்தது என்று பொருள். அடித்தல் இல்லாத நோட்டுப் புத்தகம் அல்ல, பழுத்த கனி! அதற்கு முந்தின வசனங்களை வாசித்துப் பாருங்கள். நல்லவன் வயலிலும் பொல்லாதவன் வயலிலும் ஒரே மழையைப் பெய்யப்பண்ணுகிற தகப்பனைப்போல அன்புகூருங்கள் என்பதே அங்கே கட்டளை. அந்த இரக்கத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு உனக்கு மட்டும் மறுப்பாயோ மகளே? தராசு முள்ளையும் மார்க் ஷீட்டையும் அந்த வசனத்துக்குள் கொண்டுவந்து வைத்தது யார்? நாம்தான். முதல் ராங்க் வாங்கினவர்களை மட்டும் மேடைக்குக் கூப்பிட்ட நாம்தான்.

4. அவள் சாப்பிட்டாள்

18-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். அன்னாள் புறப்பட்டுப்போய்ச் சாப்பிட்டாள். அதற்குப்பின் அவள் முகம் வாடியிருக்கவில்லை. பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. பெனின்னாள் வாயும் அடைக்கப்படவில்லை. அப்படியிருக்க எது மாறிற்று? உள்ளே அடைத்து வைத்ததைக் கர்த்தர் சமுகத்தில் ஊற்றிவிட்டாள். அழகான ஜெபம் அல்ல, கசப்பான ஜெபம். கர்த்தர் அதைத் தள்ளவில்லை. மனக்கசப்பு வெளியே வந்தது, சோறு உள்ளே போனது!

எலியாவையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று படுத்தவனுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினான். தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். யவீருவின் 12 வயது மகளை உயிரோடு எழுப்பின ஆண்டவர் அடுத்து என்ன சொன்னார்? அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அற்புதம் செய்தவர், சோறு போடும் வேலையை வீட்டாரிடம் ஒப்படைத்தார்.

5. நாம் செய்யவேண்டியவை

ஜெபியுங்கள், கூடவே டாக்டரிடம் கொண்டுபோங்கள். மாதவிலக்கு நிற்பது, எப்போதும் குளிர்வது, முடி உதிர்வது, சாப்பிட்டவுடன் பாத்ரூம் போய்க் கதவடைப்பது, விரல் முட்டியில் தழும்பு, தலைசுற்றல் - இவைகளைப் பார்த்தால் தாமதிக்காதீர்கள். ஆள் மெலியாமலும் இந்த நோய் இருக்கும். ஆண்பிள்ளைகளுக்கும் வரும். நெடுநாள் பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரேயடியாய் விருந்து போடாதீர்கள். அதுவும் உயிருக்கு ஆபத்து. டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாய்க் கொடுக்கவேண்டும். மனம் பாரமானால் அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416-ல் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல.

பெற்றோரே, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். லண்டனில் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980-களில் உருவான சிகிச்சையே, வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாய்ச் சாப்பிடவைப்பதுதான். சகோதரிகளே, "மெலிஞ்சிட்டே", "குண்டாயிட்டே" என்பதை வாழ்த்துதலாகச் சொல்லாதீர்கள். பிள்ளை கோபப்பட்டால், அழுதால், முதலில் கேளுங்கள். வசனம் பிறகு சொல்லலாம்.

நம் சபையில் இனி உபவாச நாட்களை யாரும் எண்ணிச் சொல்லக்கூடாது. அந்தரங்கத்தில் செய் என்று ஆண்டவரே சொன்னதை நான் மேடையேற்றினேன். வளரும் பிள்ளைகள், கர்ப்பவதிகள், சர்க்கரை வியாதிக்காரர், இந்த நோயுள்ளவர்கள் உபவாசிக்க வேண்டாம். ஏசாயா 58-ல் தேவன் விரும்பும் உபவாசம், பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வது. உன் சொந்த சரீரமே பசித்திருக்கும்போது, மகளே, முதலில் அதற்குக் கொடு.

அந்தச் சகோதரிக்கு "பூரண சுகம்" என்று அவசரப்பட்டுச் சாட்சி எழுதமாட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் சிகிச்சை நடக்கிறது. நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. போன மாதம் சபை விருந்தில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் ரசம் சாப்பிட்டாள். கண்ணில் நீர். "இன்னைக்குப் பயமா இருக்கு பாஸ்டரம்மா, ஆனாலும் சாப்பிடறேன்" என்றாளாம். மேடையில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கைதட்டவில்லை. பரலோகத்தில் கைதட்டியிருப்பார்கள் என்று விசுவாசிக்கிறேன்.

ஜெபிப்போம்: பிதாவே, எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணீரைப் பார்க்க எங்களுக்குக் கண் தாரும். பசியையும் துக்கத்தையும் உம்மிடத்தில் மறைக்காதபடி எங்கள் மகள்களுக்குத் தைரியம் தாரும். மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும். நீர் அளிக்கும் ஆகாரத்தை ஸ்தோத்திரத்தோடே சாப்பிடக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்