முறிந்த நிய்யத்தை மீண்டும் வைக்கலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளியின் ஹவ்ளு ஓரத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து மெல்ல உட்கார்ந்தார். ஜவுளி வியாபாரி. வயது அறுபதை நெருங்குகிறது. சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'காக்கா'தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தேதியும் எண்களும் மட்டுமே இருந்தன. 94, 87, 95, 91, 96... பத்துத் தடவை உடல் எடையைக் குறைக்கத் தொடங்கி, பத்துத் தடவையும் இறங்கியது மறுபடி ஏறிப்போன கணக்கு அது.

"தம்பி, டாக்டர் மறுபடியும் சொல்லிட்டார். சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. முழங்கால் தாங்கலே, ஸுஜூதுக்குப் போனா எழுந்திருக்க முடியலே. இன்னைக்கு நிய்யத்து வச்சா இது பதினோராவது தடவை. பத்துத் தடவை முறிச்சவன் பதினோராவதும் வைக்கிறேன்னு சொன்னா, அது அல்லாஹ்கிட்டே பொய் சொன்னதா ஆகாதா? அதைவிட சும்மா இருந்துடுறது மேல் இல்லையா?"

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எடை பற்றிய கேள்வியாக இருந்தால் அதை டாக்டரிடமே விட்டிருப்பேன். காக்கா கேட்டது வாக்குறுதியைப் பற்றி. தன்னால் நிறைவேற்ற முடியாது என்று அனுபவம் சொல்லும் ஒன்றை ஒருவன் உண்மையாக உறுதிகொள்ள முடியுமா? நம் இல்லங்களில் பலரும் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. சிலருக்கு அது பீடியை விடுவது, சிலருக்கு ஸுப்ஹுக்கு எழுவது, சிலருக்குக் கோபத்தை அடக்குவது. காக்காவுக்கு அது தட்டில் இருந்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துக் கொள்ள வேண்டும். உடல் பருமன் பாவம் அன்று. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் திருக்குர்ஆன் (7:31) கூறுவது நம் செயலைப் பற்றியது. அது உருவத்தைக் குறிக்கவில்லை. பரம்பரையால் பருத்தவர்கள் உண்டு. தைராய்டு கோளாறால், மருந்தால், பிள்ளைப்பேற்றால் பருத்தவர்கள் உண்டு. ஒல்லியாக இருந்துகொண்டு வயிறு முட்டத் தின்பவர்களும் உண்டு. தராசு முள்ளைப் பார்த்து ஒருவரின் ஈமானை எடைபோட நமக்கு அதிகாரம் இல்லை. இதைச் சொல்லும்போது நம் கல்யாண வீடுகள் நினைவுக்கு வருகின்றன. வாசலில் கால் வைத்த பெண்ணை ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் "என்னம்மா, இப்படிப் பெருத்துப் போயிட்டே?" என்று கேட்பதை நாம் அன்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான உருவத்தைச் சுட்டி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு வார்த்தை சொன்னபோது, அந்த ஒரு சொல் கடல் நீரில் கலந்தால் கடலையே மாற்றிவிடும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அந்தக் கண்டிப்பு என்றால், நம் நாக்கின் நிலை என்ன?

ஆயினும் உடல் ஓர் அமானிதம். உன் உடலுக்கும் உன்மேல் உரிமை உண்டு என்பது மார்க்கம் கற்பித்த பாடம். ஸுஜூதுக்குப் போக முடியாமல் ஒருவர் வருந்துகிறார் என்றால், அந்த வருத்தத்தை அழகுக்கான ஆசை என்று தள்ளிவிட முடியாது.

காக்காவின் நோட்டில் இறங்கிய எண்களெல்லாம் ஏன் திரும்ப ஏறின? "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்பதுதான் இதற்கு நம் வீடுகளில் கிடைக்கும் ஒரே விளக்கம். அது முழு உண்மை அன்று என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடையைக் குறைத்து, பின் அவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஓராண்டு கடந்த பின்னும் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடியும், போதும் என்று சொல்லும் சுரப்புகள் குறைந்தும் இருந்தன. 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி பெரும்பாலோருக்குத் திரும்பியிருந்தது. அவர்கள் உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தியோ, அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஏறத்தாழ ஒரு வேளை உணவின் அளவு! பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணிய உடல், சிக்கனமான குடும்பத் தலைவியைப் போல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பஞ்சங்களைக் கடந்து மனித இனம் பிழைத்தது இந்த ஏற்பாட்டினால்தான். அது ரஹ்மத்து. களரிச் சாப்பாட்டுக் காலத்தில் அதுவே நமக்குச் சோதனையாகவும் இருக்கிறது.

காக்காவின் பத்து முறிவுகளையும் பத்துக் குற்றங்களாக எண்ண வேண்டியதில்லை என்று காட்டவே இதைச் சொல்கிறேன். அவருடைய பங்கும் உண்டு; அவர் படைப்பின் பங்கும் உண்டு.

இனி அவர் கேள்விக்கு வருவோம். பதினோராவது நிய்யத் பொய்யா?

நிய்யத் என்பது உள்ளம் ஒரு செயலை நாடுவது. 'இது நடந்தே தீரும்' என்று முன்னறிவிப்பதற்கு நிய்யத் என்று பெயரில்லை. நாளை நடப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. இன்றைக்கு என் நெஞ்சம் எதை நாடுகிறது என்பதற்கே நான் சாட்சி. 'நான் நிச்சயம் வெல்வேன்' என்று ஒருவர் சொன்னால்தான் அதில் பொய்க்கு இடமுண்டு. 'நான் நாடுகிறேன், இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லும்போது உள்ளே அந்த நாட்டம் இருந்தால் அது மெய். பத்து முறை தவறியது எதிர்காலத்தைப் பற்றிய அச்சத்தைத் தருமேயல்லாமல், இன்றைய நாட்டத்தைப் பொய்யாக்காது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜுல் ஆபிதீன்' என்ற நூலில், மீண்டும் பாவத்தில் விழுவேன் என்று அறிந்திருப்பதால் தவ்பா செய்யத் தயங்குகிறேன் என்பவனை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்தத் தயக்கம் ஷைத்தானின் ஏமாற்று; மறுபடி விழுவதற்கு முன்பே உனக்கு மௌத் வராது என்பது உனக்கு எப்படித் தெரியும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பாவத்திலேயே வாசல் திறந்திருக்கும்போது, பாவமல்லாத ஒரு முயற்சியில் வாசலை அடைக்க நமக்கு என்ன உரிமை?

ஆனால் இந்த வாதத்தை ஒரு திருடனும் பயன்படுத்தலாம். "இன்றைக்குப் பிரியாணி, பெருநாள் கழித்து நிய்யத்" என்பதும் நம் வீடுகளில் நடப்பதுதானே! நபி யூஸுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள், முதலில் தம்பியைத் தொலைத்துவிடுவோம், அதற்குப் பின் நல்லவர்களாகிவிடலாம் என்று பேசிக்கொண்டதைத் திருக்குர்ஆன் (12:9) எடுத்துக்காட்டுகிறது. தவறுக்கு முன்பே தவ்பாவைத் திட்டமிட்டு வைப்பது, அந்தத் தவறைச் செய்ய எழுதிக்கொண்ட அனுமதிச் சீட்டு. காக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தக் கூட்டத்தார் நோட்டில் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு வெட்கப்படுவதில்லை.

அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு இன்னொன்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் அவர் விட்டது எப்போது? ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள். 'நேற்றே முறிந்துவிட்டது, இனி எதற்கு?' என்ற ஒரு வாக்கியம் ஏழு கிலோவைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. நம் ஷரீஅத்தில் இரண்டு வகை நோன்புகள் உள்ளன. ளிஹாருடைய குற்றப் பரிகாரம் போன்றவற்றில் இரண்டு மாதம் தொடர்ந்து நோற்க வேண்டும். தக்க காரணமின்றி ஒரு நாள் முறித்தால், ஐம்பத்தொன்பது நாள் நோற்றிருந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ரமளான் நோன்பு அப்படி அன்று. ஒரு நாள் தவறினால் அந்த ஒரு நாளுக்குத்தான் களா. முன்னே நோற்ற பதினெட்டும் பதினெட்டாகவே நிற்கும். நம் ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வோர் இரவும் தனி நிய்யத் வைக்கிறோம். ஒவ்வொரு நாளும் தனி இபாதத். காக்கா தம் உணவுக் கட்டுப்பாட்டை யாரும் விதிக்காத ஒரு பரிகார நோன்பாக ஆக்கிக்கொண்டு, ஒரு வேளை தவறியதும் அத்தனையும் பாத்தில் என்று தாமே தீர்ப்பும் எழுதிவிட்டார். அதை ரமளானைப் போல் வைத்திருந்தால் அவர் பதினோரு முறை தொடங்கியவராகவே இருக்கமாட்டார். ஒரே முயற்சியில் சில நாட்கள் களா ஆனவராக இருப்பார்.

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதறடித்த பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்ற உவமை அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:92) வருகிறது. அது உடன்படிக்கைகளைப் பற்றியது என்றாலும் நம் விஷயத்துக்கும் வெளிச்சம் தருகிறது. அவள் நூல் அறுந்துபோகவில்லை, அவளே பிரித்தாள். தறியில் உட்காரும் எவரையும் கேட்டுப் பாருங்கள்: பாவில் இழை அறுவது அன்றாடம் நடப்பது. நெசவாளி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிறார். அறுந்த இழைக்காக முழுப் பாவையும் வெட்டி எறிவதில்லை.

ஆத்திரத்தில் சத்தியம் செய்வது இந்த வழியில் இன்னொரு பள்ளம். இதில் நானே விழுந்தவன். சில ஆண்டுகளுக்கு முன், தராசில் ஏறி இறங்கிய வேகத்தில் "வல்லாஹி, இனி ராத்திரியில் சோறு தொடமாட்டேன்" என்று என் மனைவியின் முன்னால் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் என் ராத்தா வீட்டில் நெய்ச்சோறு. ராத்தா பரிமாறினார், நான் சாப்பிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் சத்தியம் நினைவில் உறைத்தது. ஆலிமிடம் கேட்டேன். கஃப்பாரா கடமை என்றார். பத்து ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு முத்து வீதம் அரிசி கொடுத்தேன். என் தட்டுக்கு வராதே என்று நான் தடுத்த அரிசி பத்து வீட்டு அடுப்புக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அல்லாஹ்வின் பெயரை என் சாப்பாட்டுக்கு ஜாமீனாக வைத்தேனே, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமக்கு ஆகுமான ஒன்றைத் தம்மீது தடுத்துக்கொண்டபோது அல்லாஹ் அது குறித்து வினவியதை அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஓதுகிறோம். அது தேனைக் குறித்தது என்பது பிரபலமான ரிவாயத்து. ஹலாலைக் குறைத்துக்கொள்ளலாம், ஹராமாக்கிக் கொள்ள வேண்டியதில்லை. எனவே காக்காவிடம் முதலில் சொன்னது: "சத்தியமும் வேண்டாம், நேர்ச்சையும் வேண்டாம்."

"அப்போ எதை மாத்தறது?" என்று கேட்டார்.

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவரின் வரலாறு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நூறையும் நிறைவு செய்தபின் அவர் ஓர் அறிஞரிடம் போனார். தவ்பாவுக்கு வழி உண்டு என்று சொன்ன அந்த அறிஞர் அத்தோடு நிறுத்தவில்லை. இந்த ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போய்விடு என்றார். மனம் திருந்தியவரை அதே தெருவில் விட்டுவைக்காத அறிவு அது. அவர் போய்ச் சேரவில்லை; பாதி வழியில் மௌத்தானார். தூரத்தை அளந்தபோது நல்ல ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாக இருந்தார். ரஹ்மத்தின் மலக்குகள் அவரை எடுத்துச் சென்றார்கள்.

காக்கா ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் முறுக்கு டப்பா ஊரை விட்டுப் போகலாம். மாலை நாலு மணிக்குக் கடைக்கு வரும் பஜ்ஜிப் பொட்டலம் வராமலிருக்கலாம். பத்துத் தடவையும் அவர் தம் மனத்தை மட்டுமே மாற்றினார். கல்லாப் பக்கம் அப்படியே இருந்தது. குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸையும் சொன்னேன். மூன்று வேளையையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படுவதைவிட, ஸுப்ஹுக்குப் பின் அரை மணி நடை நிலைக்கும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் திங்கள் வியாழன் நோன்பைத் தொடங்குவதென்றால் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஏனெனில் அவர் அதற்கும் தயாராக இருந்தார்!

சென்னையில் சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரைப் பல பிரிவாகப் பிரித்து மூன்றாண்டு கவனித்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடையையும் உணவையும் ஓரளவு திருத்திக்கொண்டவர்களில் அது 100க்கு 39. இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டாவது கூட்டத்தாரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. தராசு அசையாதபோதும் உடலுக்கு நன்மை சேர்ந்துகொண்டிருந்தது. காக்காவுக்கு வியாதி ஏற்கனவே வந்துவிட்டதுதான். ஆனாலும் நோட்டில் எண் இறங்காத மாதங்களை எல்லாம் வீணான மாதங்கள் என்று அவர் எழுதிவைத்திருந்ததற்கு இது ஒரு பதில்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேனாவை வாங்கி, பதினோராவது வரியில் தேதியை மட்டும் எழுதினார். எடையை எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இதை எழுதும் இன்றோடு இருபத்து மூன்று நாள். அதில் நான்கு நாள் அவர் நடைக்கு வரவில்லை; ஒரு நாள் மழை, மற்ற மூன்றுக்கும் காரணம் சொல்லவில்லை. ஐந்தாவது நாளைத் தவறவிடாமல் வந்துவிட்டார். வரும் ஞாயிறு அவர் பேத்தியின் நிக்காஹ். எங்கள் பக்கம் மூன்று பேர் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். பக்கத்தில் இருப்பவர் கறியை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். தம்மோடு நான்தான் உட்கார வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.