கேட்டதைச் சொன்னேன் என்பது பதிலாகுமா?



ஜும்ஆ முடிந்து வெளியே வந்து செல்போனைத் திறக்கிறோம். இந்த இலையைத் தின்றால் சர்க்கரை நோய் போய்விடும், இந்த ஊசி போட்டால் ஆபத்து என்று நாலைந்து செய்திகள் வந்து கிடக்கின்றன. படித்தவுடன் நமக்கும் ஒரு கருத்து உண்டாகிவிடுகிறது. உடனே நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். "இதில் என்ன பாவம்? நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினேன்? எண்ணத்தைக் கொண்டுதானே அமல்கள்?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியைத்தான் இன்று சிந்திக்க வேண்டும்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். பிறகு அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அவரைக் கொன்றுவிட்டார்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்குக் கேள்விதானே மருந்து என்றார்கள்.

கவனியுங்கள். பதில் சொன்னவர்கள் அவருக்குப் பகைவர்கள் அல்லர்; மார்க்கத்தைப் பேண வேண்டும் என்றே சொன்னார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஓர் உயிர் போயிற்று. காயம்பட்டவரை யாரும் குறை சொல்லவில்லை, அவர் கேட்டார். தெரியாமல் பதில் சொன்னவர்கள்தாம் கண்டிக்கப்பட்டார்கள்.

இது நம் ஊரிலும் நடந்ததுதான். 2017 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று நம் புதுக்கோட்டை மாவட்டப் பிள்ளைகளும் அதில் அடக்கம். அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. மாநிலத்தில் பெற்றோர் பலர் பயந்து மறுத்தார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சிலும் நீட்டிக்கப்பட்டது.

தட்டம்மை முற்றினால் நிமோனியா வரலாம், மூளை பாதிக்கலாம், பார்வை போகலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அன்று பயந்த தாயை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்காகப் பயப்படுவது தாயின் இயல்பு. அந்தத் தாய்க்கு விசாரிக்காமல் பதில் அனுப்பியவர் யார் என்பதே கேள்வி.

விசாரிக்காத செய்தி என்ன செய்யும் என்பது நம் சமுதாயத்திற்குத் தெரியாததல்ல. 2020-ல் டெல்லி தப்லீக் மாநாட்டை வைத்து, கொரோனாவைப் பரப்பியவர்களே முஸ்லிம்கள்தான் என்று பேசினார்கள். அனுப்பியவர்களில் பலர் நம்மோடு நன்றாகப் பழகியவர்கள். அவர்களும், வந்ததைத்தான் அனுப்பினோம் என்றார்கள். நமக்கு வலித்தது அல்லவா? அந்தப் பதிலை நாம் ஏற்றுக்கொண்டோமா?

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அறியாமல் ஒரு கூட்டத்திற்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறான். அப்படியானால் விசாரிப்பதும் நல்லெண்ணத்தின் ஒரு பகுதிதான். உண்மையிலேயே அடுத்தவர் நலம் நாடினால், இது சரியா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்போமே!

அதற்காக, மருத்துவர் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்பதல்ல. சந்தேகம் வந்தால் கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். ஆனால் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார், 104 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. உங்களிடம் யாராவது கேட்டு, உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைவு இல்லை. இமாம் மாலிக் (ரஹ்) போன்ற பெரிய அறிஞர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். முன்பு அனுப்பிய செய்தி தவறு என்று இப்போது தெரிந்தால், அதே குழுவில், "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுங்கள். வெட்கமாக இருக்கும். ஆனால் பிறரைப் பாதித்த தவறுக்கு, அதைத் திருத்துவதும் தவ்பாவில் சேர்ந்ததுதான்.

நம் நாவையும் விரலையும் பிறருக்குத் தீங்கு செய்வதிலிருந்து அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.